விடுதிக் குளியலறையும் தோல் படையும்: ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் விடுதிக் குளியலறை வாசலில் முன்பு நான்கு ஜோடி ரப்பர் சிலிப்பர்கள் கிடக்கும். முப்பத்திரண்டு பையன்களுக்கும் அவைதான். உள்ளே போகிறவன் கைக்கு எட்டிய இரண்டைக் காலில் மாட்டிக்கொள்வான். வெளியே வருகிறவன் ஈரத்தோடு உதறிவிட்டுப் போவான். பக்கத்தில் பழைய கைலியைக் கிழித்து மடித்துப் போட்ட கால்மிதி ஒன்று. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இந்த விடுதிக்குக் காப்பாளராக வந்த முதல் ஆண்டில், வெறுங்காலோடு யாரும் குளியலறைக்குள் போவதில்லை, ஈரக்காலோடு யாரும் அறைக்குத் திரும்புவதில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த ஆண்டு நடுப்பகுதிக்குள் பதினோரு பையன்களுக்குப் படை வந்துவிட்டது.

உடனே நான் செய்தது, குளியலறைச் சுவரைத் தேய்த்ததுதான். மூலைகளில் கறுப்பாகப் படர்ந்திருந்ததை இரண்டு வாரம் சுரண்டினோம். சுவர் வெளுத்தது. பன்னிரண்டாவது பையன் தொடையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

தோட்டத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியை நடத்துகிறவர்களுக்கும், நான்கைந்து பேராக வாடகை வீடு எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். சுவரில் தொடங்கினால் என்னைப் போல மாதக்கணக்கில் வீணாக உழைப்பீர்கள்.

இந்தப் பூஞ்சை எங்கே வாழ்கிறது

சுவரில் கறுப்பாகப் படர்வதும் பையனின் தொடையில் வட்டமாகப் படர்வதும் வேறு வேறு பூஞ்சைகள். சுவரில் உள்ளது ஈரத்தையும் சோப்பு அழுக்கையும் கொண்டு வளர்கிறது. அதனால் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சுத் தொல்லை வரலாம், படை வராது. தோலைப் பிடிக்கும் பூஞ்சைக்கு உணவு கெரட்டின் என்ற புரதம். தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றிலும் அது இருக்கிறது. டிரைக்கோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டான் என்ற மூன்று இனங்கள்தான் மனிதர்களிடம் காணும் படைகளுக்குப் பெரும்பாலும் காரணம்.

இவற்றுள் உலகெங்கும் மிகுதியாகக் காணப்படுவது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். 1910இல் இதை விவரித்து எழுதிய ஆல்டோ காஸ்டெல்லானி கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர். தென்கிழக்காசியா போன்ற வெப்ப நிலங்களிலிருந்துதான் இது ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெறுங்காலோடு நடந்த நம் முன்னோரின் உடம்பில் வட்டப் படையாக இருந்தது, மூடிய சப்பாத்து அணிந்த கால்களில் சேற்றுப்புண்ணாகப் பெருகியது. நம் பிள்ளைகள் இன்று காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை அதே மூடிய சப்பாத்தில்தான் இருக்கிறார்கள், அதுவும் இந்த வெயிலில்.

படை உள்ளவனின் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உதிர்கின்றன. அந்தச் செதிலுக்குள் இருக்கும் பூஞ்சை வித்துகள் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரில் ஊறி மெத்தென்றாகிய அடுத்தவனின் கால்விரல் இடுக்கில் அந்தச் செதில் ஒட்டி, துடைக்காமல் அப்படியே காலுறைக்குள் போய்விட்டால் போதும். வட்டப் படை பெரும்பாலும் நான்கு முதல் பதினான்கு நாள்களுக்குள் தெரிய ஆரம்பிக்கும். குளியலறை இதில் சந்தைக்கடை மாதிரி; சரக்கு வருவது மனிதர்களிடமிருந்து. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மனிதர்களை.

படி 1: ஒரே மாலையில் எல்லாரையும் பாருங்கள்

ஒவ்வொருவராக, நாளுக்கு ஒருவராகப் பார்ப்பதில் பயனில்லை. ஒருவனுக்கு மருந்து முடியும்போது அடுத்தவனுக்குத் தொடங்கும். முதல் ஆளுக்குத் திரும்ப வரும். ஒரு சனிக்கிழமை மாலை, குளித்து முடித்த பிறகு, நல்ல விளக்கு வெளிச்சத்தில் எல்லாருடைய கால்களையும் பாருங்கள். தொடை இடுக்கைக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. என்னென்ன அறிகுறிகள் என்று எல்லார் முன்னிலையிலும் விளக்கிவிட்டு, இருப்பவர்கள் பிறகு தனியாக வந்து சொல்லலாம் என்று விட்டுவிடுங்கள். பையன்களிடம் பேச ஓர் ஆண், பெண் பிள்ளைகளிடம் பேச ஒரு பெண் இருப்பது நல்லது.

இந்த இடத்தில்தான் பல விடுதிகள் தோற்றுப்போகின்றன. படை என்றால் அழுக்குப் பிள்ளை என்ற பேச்சு நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு இரண்டாம் படிவ மாணவன், "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் அக்கா, தோட்டத்துப் பிள்ளை குளிக்கமாட்டான் என்று எல்லாரும் சொல்வார்கள்" என்று அழுதான். அவன் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறவன். குளித்துவிட்டுச் சரியாகத் துடைக்காமல் உடுத்துவதால் வந்தது அது. இதை நான் இப்போது ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன்: படை அழுக்கினால் வருவதில்லை, ஈரத்தினால் வருகிறது.

என்ன பார்க்க வேண்டும்? படர்தாமரை வட்டமாக இருக்கும். ஓரம் சற்று மேடாகச் செதிலோடு சிவந்தும், நடுப்பகுதி தெளிந்தும் தெரியும். மலாய்க்காரர்கள் கூராப் என்பது இதைத்தான். தொடை இடுக்குப் படையில் விதைப்பை பெரும்பாலும் தப்பிவிடும். அங்கேயும் சிவந்து எரிந்தால் அது கேண்டிடா என்ற வேறு பூஞ்சையாக இருக்கலாம். சேற்றுப்புண் அநேகமாகச் சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் இடையே தொடங்கும். தோல் வெள்ளையாக ஊறி உரியும், நாற்றம் இருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது பாதத்தின் அடிப்பகுதி முழுவதும் மாவு தூவியதுபோல் காய்ந்து உரியும் வகை. அரிப்பு அவ்வளவாக இருக்காது. வறண்ட தோல் என்றோ பித்தவெடிப்பு என்றோ நினைத்து ஆண்டுக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். எங்கள் விடுதியில் மூன்று ஆண்டுகள் எல்லாருக்கும் படையைப் பரப்பியது ஐந்தாம் படிவ மாணவன் ஒருவனின் இப்படிப்பட்ட பாதம்தான். அவனுக்கு ஒருநாள்கூட அரித்ததில்லை. நகம் மஞ்சளாகித் தடித்து நொறுங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

படை போலத் தெரிந்து படையாக இல்லாதவையும் உண்டு. மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டாக வரும் தேமல் ஒட்டிக்கொள்ளாது. அதற்குக் காரணமான மலசேசியா என்ற பூஞ்சை எல்லாருடைய தோலிலும் வாழ்வது. இரவில் அதிகமாக அரித்து, கைவிரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பொரிகள் வந்தால் அது சிரங்கு. சிறு பூச்சியால் வருவது, வைத்தியமே வேறு. பாதத்தில் குழி குழியாகக் கிடந்து கடுமையாக நாறினால் அது பாக்டீரியாவாக இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் தோலைச் சற்றுச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சுரண்டும்போது வலிக்காது. பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவிட்டால் பயப்படமாட்டார்கள்.

படி 2: கால்மிதியையும் பொதுச் சிலிப்பரையும் அகற்றுங்கள்

அன்று இரவே செய்யுங்கள். துணிக் கால்மிதி காயவே காயாது. முப்பது பேரின் செதிலை வாங்கி முப்பது பேருக்கும் கொடுக்கும். அதைக் குப்பையில் போடுங்கள். தண்ணீர் வடியும் துளைகள் உள்ள பிளாஸ்டிக் மிதியைப் போட்டு, தினமும் கழுவி வெயிலில் நிறுத்தி வையுங்கள்.

சிலிப்பர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும். பட்டையில் அழியாத மையால் எண் எழுதுங்கள். குளியலறைச் சிலிப்பர் குளியலறைக்கு மட்டும், அறைக்கு வேறொன்று. சந்தையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும் சாதாரண ரப்பர் சிலிப்பரே போதும். மெத்தை வைத்த துணிச் சிலிப்பர் வேண்டாம்; தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

தோழனுடைய துவாலை, சீப்பு, கால்பந்துச் சட்டை, உள்ளாடை எதையும் வாங்கிப் போடக் கூடாது. முடிவெட்டும் இயந்திரத்தை நான் தனியாகக் குறிப்பிடுகிறேன். பையன்கள் காசு மிச்சப்படுத்த ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். தலைப்படை அப்படிப் பரவும். ஒவ்வொரு தலைக்கும் இடையே பிளேடைக் கழற்றித் தூரிகையால் முடியைத் தட்டி, கிருமிநாசினியில் ஊறவைக்க வேண்டும். முடியாது என்றால் கடையில் வெட்டச் சொல்லுங்கள்.

விடுதியைச் சுற்றும் பூனைக்குட்டிகளையும் பாருங்கள். முடி கொட்டிய திட்டுகள் இருந்தால் அது மைக்ரோஸ்போரம் கேனிஸாக இருக்கலாம். தூக்கிக் கொஞ்சிய பிள்ளையின் கையிலும் கழுத்திலும் படை வரும். குட்டியை விரட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி. விரட்டினால் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

படி 3: தரையைக் கழுவும் முறை

வெறும் தண்ணீரும் மணக்கும் தரைத் திரவமும் இதற்குப் போதாது. முதலில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, முடியையும் வழுவழுப்பையும் முழுவதும் அகற்றுங்கள். அழுக்கின் மேல் ஊற்றும் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். நன்றாக அலசிய பிறகு குளோரக்ஸ் போன்ற வீட்டு வெளுப்பானை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று கலக்குங்கள். ஐந்து லிட்டர் வாளிக்கு அரை லிட்டர் வெளுப்பான், நான்கரை லிட்டர் தண்ணீர். தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விடுங்கள். உடனே கழுவிவிட்டால் பயனில்லை. பிறகு அலசி, ரப்பர் தள்ளியால் தண்ணீரை முழுவதும் வழித்துவிடுங்கள். கலந்த கரைசலை நாளைக்கு என்று வைக்காதீர்கள், வலு குறைந்துபோகும்.

கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தையும் வெளுப்பானையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. அம்மோனியா கலந்த திரவங்களோடும் சேர்க்கக் கூடாது. சன்னலைத் திறந்து, கையுறை போட்டு, பெரியவர்கள் இதைச் செய்யட்டும். தண்டனையாகப் பிள்ளைகளைக் கழுவ விடும் பழக்கத்தை நான் வெறுக்கிறேன்.

படை பரவும் காலத்தில் தினமும், அடங்கிய பிறகு வாரத்துக்கு இரண்டு முறை போதும். கோலா என்ற நீர்த்தொட்டியில் தண்ணீர் மொண்டு குளிக்கும் விடுதிகளில், தொட்டி விளிம்பின் மேல் காலை வைத்துத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் கடினம். எங்கள் ஊரில் மாலை மழை பெய்தால் குளியலறை மறுநாள் காலை வரை காயாது. மேல் சன்னலில் ஒரு காற்று வெளியேற்றும் விசிறி வைத்தோம். இரண்டு மாதம் கழுவிப் பெறாத பயன் அந்த விசிறியால் கிடைத்தது.

படி 4: உடம்பைத் துடைக்கும் வரிசை

குளிக்கத் தெரியாத பிள்ளை நம்மிடம் இல்லை. துடைக்கத் தெரிந்த பிள்ளைதான் குறைவு. முகத்தில் தொடங்கி உடம்பு, அதன் பிறகு தொடை இடுக்கு, கடைசியில் கால்விரல் இடுக்குகள் என்று கீழே இறங்க வேண்டும். காலுக்குத் தனியாக ஒரு சிறு துணி இருந்தால் இன்னும் நல்லது. பாதத்தைத் துடைத்த துவாலையால் தொடையைத் துடைப்பதுதான் சேற்றுப்புண்ணைத் தொடை இடுக்குக்கு ஏற்றிவிடுகிறது. இதே காரணத்துக்காக, சேற்றுப்புண் உள்ளவன் உள்ளாடைக்கு முன்பே காலுறையைப் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளாடை பாதத்தில் உரசி மேலே வரும்போது பூஞ்சையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. பையன்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். செய்து பார்த்தவர்களுக்குத் திரும்ப வருவது குறைந்தது.

சிலம்பப் பயிற்சியும் கால்பந்தும் முடிந்தவுடன் ஈரச் சட்டையை மாற்றச் சொல்லுங்கள். கோவிலுக்கு வெறுங்காலோடு போய் வந்தால் காலைக் கழுவுவதோடு நிறுத்தாமல் துடைக்கவும் சொல்லுங்கள்.

படி 5: துணியும் சப்பாத்தும்

குளிர்ந்த நீரில் துவைத்தால் பூஞ்சை சாகாது. ஒருவன் துணியிலிருந்து அடுத்தவன் துணிக்கும் போகும். படை உள்ளவர்களின் காலுறை, உள்ளாடை, துவாலை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைத் தனியாகப் பிரித்து, 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். அந்த வசதி இல்லாத இயந்திரம் என்றால், கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரை ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றி ஊறவைத்துவிட்டுத் துவைக்கலாம். பிறகு வெயில். சுங்கை சிப்புட்டில் காலை வெயிலை நம்பலாம், பிற்பகலை நம்ப முடியாது. ஆகவே எங்கள் விடுதியில் துவைப்பது விடியற்காலையில். அறைக்குள் கட்டிலின் கம்பியில் துவாலையைத் தொங்கவிடுவதைத் தடுத்துவிட்டேன்.

சப்பாத்து இரண்டு ஜோடி இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றலாம். எல்லாத் தோட்டத்துக் குடும்பத்துக்கும் அது முடியாது என்று எனக்குத் தெரியும். ஒரே ஜோடிதான் என்றால், மாலையில் நாடாவைத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து, பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து வையுங்கள். இரவு படுக்கும் முன் தாளை மாற்றுங்கள். காலுறை மட்டும் தினமும் புதிதாக இருக்க வேண்டும். ஐந்து ஜோடி காலுறை வாங்க முடியாத பிள்ளைக்கு விடுதி வாங்கிக் கொடுக்கட்டும். மருந்துச் செலவைவிட அது குறைவு.

படி 6: மருந்து, அதிலும் எது கூடாது என்பது

முன்பெல்லாம் தோட்ட மருத்துவமனைகளில் டிரஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒரு டப்பாவிலிருந்து விட்ஃபீல்டு களிம்பை எடுத்துக் காகிதத்தில் தடவிக் கொடுப்பார். 6 விழுக்காடு பென்சாயிக் அமிலமும் 3 விழுக்காடு சாலிசிலிக் அமிலமும் சேர்ந்தது. எரியும், ஆனால் வேலை செய்யும். இப்போது அதைவிட மென்மையானவை உண்டு. 1 விழுக்காடு குளோட்ரிமசோல் களிம்பை நாளுக்கு இரண்டு முறை, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் தடவ வேண்டும். 1 விழுக்காடு டெர்பினாஃபைன் களிம்பு கால்விரல் இடுக்குக்கு ஓரிரு வாரத்தில் போதும். நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு, படையின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். பூஞ்சை வெளியே நகர்வது அந்த விளிம்பில்தான். குளோட்ரிமசோல் தடவும்போது அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், தோல் தெளிந்த பிறகும் ஒரு வாரமாவது தொடருங்கள். பிள்ளைகள் தவறுவது இங்கேதான். நான் சுவரில் ஒரு அட்டை ஒட்டி, பெயர் இல்லாமல் எண்களை மட்டும் எழுதி, தடவியதும் கோடு போடச் சொல்கிறேன்.

இனி சொல்வதைப் பெற்றோர் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அரிப்புக்கு என்று வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைப் படையின் மேல் தடவாதீர்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்கள் குழாயில் இருந்தால் அதுதான். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மங்கும். மருந்து பலித்துவிட்டது என்று நினைப்பீர்கள். உள்ளே தோலின் எதிர்ப்பு அடங்கிப்போய், பூஞ்சை தடையில்லாமல் பரவிக்கொண்டிருக்கும். வட்டம் கலைந்து உருமாறிவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, அழியாத கோடுகள் விழும். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டையும் பாக்டீரியா மருந்தையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் இந்தியாவில் தாராளமாகப் புழங்கியதும், டெர்பினாஃபைனுக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் இந்தோட்டினியே அங்கே பரவியதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்தப் பூஞ்சைக்கு 2020இல்தான் பெயர் வைத்தார்கள். இப்போது அது பல நாடுகளுக்குப் போய்விட்டது. ஊருக்குப் போய் வந்த உறவினர் அன்போடு கொடுக்கும் களிம்பையும் முதலில் மருந்தாளரிடம் காட்டுங்கள்.

தோட்ட ஓரங்களில் மெழுகுவத்திபோல் மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்கும் சீமை அகத்தியை எல்லாருக்கும் தெரியும். மலாயில் கெலெங்காங். அதன் இலையை அரைத்துப் படைக்குப் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். பூஞ்சையை எதிர்க்கும் பொருள்கள் அதில் உண்மையிலேயே உள்ளன. பெரியவர்கள் சிறிய படைக்குப் போட்டுப் பார்ப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எவ்வளவு வீரியம் என்று அளக்க முடியாது, சிலருக்குத் தோல் வெந்துபோகும். பிள்ளையின் தொடை இடுக்கில் போடாதீர்கள். பூண்டு, பேட்டரி அமிலம், மண்ணெண்ணெய் எதுவுமே வேண்டாம். அவை உண்டாக்கிய புண்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படி 7: களிம்பு போதாத நிலை

தலையிலும் நகத்திலும் வந்த படைக்குக் களிம்பு வேர் வரை எட்டாது. வாய்வழி மாத்திரை வேண்டும், மருத்துவர் எழுத வேண்டும். கால் நகத்துக்கு டெர்பினாஃபைன் மாத்திரை பொதுவாக 12 வாரம். அதன் பிறகும் நல்ல நகம் முழுவதும் வளர்ந்து வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், பிள்ளை மனம் தளராமல் இருக்க இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முகத்தில் வந்தாலும், உடம்பில் பல இடங்களில் வந்தாலும், இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் குறையாவிட்டாலும், முன்பே ஸ்டீராய்டு தடவியிருந்தாலும் அரசு சுகாதார கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் அங்கிருந்தே தோல் நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள். கால் வீங்கிச் சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். விரல் இடுக்கு வெடிப்பு வழியாக பாக்டீரியா உள்ளே போயிருக்கும். நீரிழிவு உள்ள சமையற்கார அம்மாவுக்கோ காவலாளி ஐயாவுக்கோ சேற்றுப்புண் இருந்தால், பிள்ளைகளுக்கு முன்பே அவர்களை அனுப்புங்கள். விடுதி என்றால் மாணவர்கள் மட்டும் என்று நினைத்து, நான் ஒருமுறை எங்கள் சமையற்கார அம்மாவின் காலைப் பார்க்கவே தவறிவிட்டேன்.

மருந்து தொடங்கிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். படையைத் துணியால் மூடினால் போதும், ஒதுக்கிவைக்கத் தேவையில்லை.

படி 8: ஆறு வாரமும், பள்ளி விடுமுறையும்

முதல் பரிசோதனைக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று முறை எல்லாருடைய பாதங்களையும் மறுபடி பாருங்கள். இதற்குள் பள்ளி விடுமுறை வந்தால் அங்கேதான் வேலை கெட்டுப்போகும். துவைக்காத துணிப்பையோடு பிள்ளை பஸ் ஏறி லயத்து வீட்டுக்குப் போவான். அங்கே ஒரே துவாலை, ஒரே பாய், தம்பி தங்கைகள். அப்பா விடியற்காலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு செம்பனைக் காட்டில் நின்றுவிட்டு வருகிறவர். அவர் காலில் முன்பே சேற்றுப்புண் இருந்திருக்கலாம், மகனுக்கு அதை முதலில் கொடுத்ததே அந்தப் பாதமாகவும் இருக்கலாம்.

ஆகவே விடுமுறைக்கு முன்தினம் துணிகளை விடுதியிலேயே வெந்நீரில் துவைத்து, காய்ந்த பிறகு பையில் வைக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு பையிலும் பிள்ளையின் மீதி மருந்தும், தமிழில் எழுதிய அரைப்பக்கக் கடிதமும் இருக்கும்: வீட்டில் எல்லாருடைய கால்விரல் இடுக்கையும் பாருங்கள், துவாலையைப் பிரியுங்கள், அப்பாவின் பூட்ஸை இரவில் கவிழ்த்துக் காயவையுங்கள். சென்ற ஆண்டு ஒரு தாய் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் பதில் எழுதி அனுப்பியிருந்தார். கணவரின் பாதத்தையும் மகளின் கழுத்தையும் கிளினிக்கில் காட்டியதாகவும், இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்ததாகவும், மீதமுள்ள களிம்பு இன்னும் எத்தனை நாளைக்குத் தடவ வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.